துண்டுக்கு அடியில்

பதினேழு. பிளாஸ்டிக் வில்லையில் சிவப்பாகப் பதினேழு என்று போட்டிருக்கிறது. இதை வாங்க முதலில் வலது கையைத்தான் நீட்டினேன், நீட்டிய கை பாதியில் நின்றது, பிறகு அதை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினேன், மேசைக்குப் பின்னால் பேர் எழுதுகிற பெண், சட்டையில் ஸ்டெல்லா என்று குத்தியிருக்கிறது, கவனித்திருப்பாள், கவனிக்கட்டும், தோல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள் எத்தனை கையைப் பார்த்திருப்பாள். பேரைக் கேட்டாள், நாட்ராயன் என்றேன். வயசு ஐம்பத்துநாலு. என்ன தொந்தரவு என்றாள், அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதையும் உங்கிட்டவே சொல்லிட்டா டாக்டரம்மா எதுக்குங் கண்ணு?" அவள் நிமிரக்கூட இல்லை. "முடி கொட்டுதுங்களாய்யா?" என் தலையில் கொட்டுவதற்கு இனிமேல் என்ன மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "சரிங்கய்யா, ஸ்கின்னுன்னு போட்டுக்கறேன், உட்காருங்க." பதினேழைப் பன்னெண்டாக்கிக் குடு கண்ணு, தூரத்துல இருந்து வர்றேன் என்றேன். முடியாதுங்கய்யா. சரி, பதினாலு, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். "இது சந்தை இல்லீங்கய்யா." சந்தை என்று ஏன் சொன்னாள்? என் மேல் மாட்டு வாடை அடிக்கிறதா? இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். என்னைத் தெரிந்தவளா? தெரிந்திருக்க முடியாது, எங்கள் சந்தைக்காரன் ஒருத்தன் கண்ணிலும் படக் கூடாது என்றுதானே உள்ளூர்த் தோல் டாக்டரை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் காந்திபுரத்துக்கு வந்தது, உள்ளூர் டாக்டர் சந்தை வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் படியில் நான் ஏறினால் அரை மணி நேரத்தில் கடைசிக் கொட்டகை வரைக்கும் சேதி போய்விடும். இன்றைக்குச் செவ்வாய். சந்தை நாள். முப்பத்தைந்து வருஷத்தில் நான் சந்தைக்குப் போகாத முதல் செவ்வாய்.

சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், தோல், முடி, நகம். நானும் இந்த மூன்றைப் பார்த்துத்தான் சோறு தின்றேன். மாட்டுத் தரகன் முதலில் தோலைத் தடவிப் பார்ப்பான், பளபளப்பு இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா, பிறகு முடியில் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பான், பிறகு குளம்பைத் தூக்கிப் பார்ப்பான், மாட்டுக்குக் குளம்புதானே நகம். அப்படிப் பார்க்கிறவன் கண்ணில் மண்ணைப் போடவும் எனக்குத் தெரியும். வெள்ளை விழுந்த இடத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்திருக்கிறேன், வெடித்த குளம்புக்கு மெழுகு வைத்திருக்கிறேன், வாங்கினவன் ஊர் போய்ச் சேர்ந்து மாட்டைக் கழுவுகிறவரைக்கும் தாங்கினால் போதும். இப்போது என்னையே அப்படித் தேய்த்துவைத்திருக்கிறேன். வெயில் கொளுத்துகிறது, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். சட்டைக்குள் முழங்கைக்குக் கீழே வெற்றிலை அகலத்துக்கு ஒரு வெளுப்பு. முழு வெள்ளை இல்லை, சோளக்கூழ் ஆடை மாதிரி ஒரு நிறம். அந்த இடத்தில் ஒரு முடி இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து வழிகிறபோது அங்கே மட்டும் வேர்க்காது. மருந்துக்கடையில் படை மருந்து வாங்கிப் பூசினேன், மூன்று குப்பி தீர்ந்தது, வெற்றிலை அகலம்தான் கொஞ்சம் கூடியது. சுண்டுவிரல் நகம் மஞ்சளாகிக் கெட்டியாகி மேலே தூக்கிக்கொண்டது, அதை மறைக்கப் பூவாத்தாளை மருதாணி அரைத்து வைக்கச் சொன்னேன், என் பெண்டாட்டி, கேள்வி கேட்காமல் வைத்தாள். சந்தையில் ஒருத்தன் விடவில்லை. "என்னுங் நாட்ராயண்ணா, இந்த வயசுல ரெண்டாவது கண்ணாலமா? அக்கா விட்டுட்டாங்களா?" நானும் சிரித்தேன். உடம்புச் சூட்டுக்குடா என்றேன். எதிர்ப் பெஞ்சில் ஒரு பையன் முகப்பருவுக்கு வந்திருக்கிறான், தொப்பி போட்ட ஒருத்தன் அடிக்கொருதரம் தொப்பிக்குள் விரலை விட்டு எதையோ தடவிப் பார்த்துக்கொள்கிறான், இன்னும் இருக்கிறதா என்று. கொடுத்துவைத்தவர்கள். பருவுக்கும் வழுக்கைக்கும் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கும் வெறும் படை என்று சொல்லிவிட்டால் போதும். சொரி, சிரங்கு, சொரியாசிஸ், எந்தப் பேர் வேண்டுமானாலும் வைக்கட்டும், ஒரு பேரை மட்டும் வைக்கக் கூடாது. இந்தச் சுண்டுவிரலுக்கு உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். உயிர் இருந்தால் திருமூர்த்தி பொய்யன். உயிர் இல்லையென்றால்.

உயிர் இல்லையென்றால் என்று அதற்கு மேல் நினைக்க வேண்டாம். திருமூர்த்தி மூணுதான் பிடித்தான். என் கைக்குத் தெரியாதா? எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை, விற்கிறவன் தரகனும் வாங்குகிறவன் தரகனும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுக்கொள்வோம், துண்டுக்கு அடியில் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மூணு, நாலு விரலையும் பிடித்தால் நாலு, ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள், ஒருத்தனுக்கும் விலை தெரியாது. துண்டுக்குள் பிடித்ததை வெளியே வாய்விட்டுச் சொல்லக் கூடாது, செத்தாலும் சொல்லக் கூடாது, சொன்னவன் துண்டுக்கு அடியில் அதற்குப் பிறகு ஒருத்தனும் கை நீட்டமாட்டான். இருபது வருஷம் நானும் திருமூர்த்தியும் எதிரும் புதிருமாக நின்று துண்டு போட்டிருக்கிறோம், சில நாள் அவன் விரல் அழுத்துகிற அழுத்தத்திலேயே வீட்டில் சண்டை என்று தெரிந்துவிடும் எனக்கு. ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரு காங்கேயம் காளை, நான் விற்கிறவன் பக்கம், அவன் வாங்குகிற மலையாளத்து வியாபாரி பக்கம். காலையில் டீக்கடையிலேயே காதில் சொன்னான், நாலுக்குக் கொறையாம முடிச்சுத் தர்றேன்டா என்று. நானும் காளைக்காரனிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவைத்தேன். துண்டு போட்டோம். அவன் பிடித்தான். மூணு. நான் கையை உதறினேன். மறுபடி பிடித்தான், மூணு. என்னடா விளையாடறயா என்றேன். சரியாத்தானேடா புடிக்கறேன் என்று சிரித்தான், சிரித்துக்கொண்டே மூன்றாந்தரமும் மூணு. அந்தச் சிரிப்புத்தான். ஐம்பது பேர் நடுவில் என்னை முட்டாளாக்கிச் சிரிக்கிறான் என்று பட்டது, துண்டு கீழே விழுந்தது எனக்குத் தெரியாது, கை அவன் கன்னத்தில் விழுந்ததுதான் தெரியும். விழுந்ததும் தெரியுமா? உள்ளங்கை எரிந்தது. சுண்டுவிரல் எரிந்ததா? அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான், "நாலுடா! நாலு! நாலுதான்டா புடிச்சேன்!" அடித்தவனை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. விலையை வாய்விட்டுச் சொன்னவனைத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவனோடு யாரும் துண்டு போடவில்லை. இரண்டு மாசம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகை கொட்டகையாய் நடந்து பார்த்தான், கையை நீட்டினால் எல்லாரும் வேட்டியைச் சரி செய்துகொண்டார்கள். இப்போது சந்தை வாசலில் சாக்கை விரித்துக் கயிறும் சாட்டையும் கழுத்து மணியும் விற்கிறான். நான் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அவன் என்னைப் பார்க்கமாட்டான், மணியை எடுத்துக் குலுக்கிக் குலுக்கி வைப்பான். இருக்கட்டும், மூணு பிடித்தவனுக்கு அதுதான் கூலி என்று நினைத்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். டீக்கடையில் பேசிக்கொண்டே நிற்கிறேன், பக்கத்தில் நின்றவன், "அண்ணா, கையி, கையி" என்று கத்துகிறான், என்ன என்று பார்த்தால் சுண்டுவிரல் பாய்லர் மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் வெந்து வாடை வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமே இல்லை. பேச்சு சுவாரசியத்தில் தெரியலைடா என்றேன். வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசியை எடுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டு குத்தினால் குத்துவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது, ரத்தம் வந்துதான் நின்றேன். சரி, தெரிந்தது என்று வைத்துக்கொண்டேன். ஒரு முடிவுக்கு வந்து கதவைத் திறந்தேன். மறுநாளும் சாத்திக்கொண்டேன். அப்படி எத்தனை நாள் சாத்தினேன்.

பன்னெண்டாம் நம்பர் என்கிறாள் ஸ்டெல்லா. தொப்பிக்காரன் எழுந்து போகிறான். தண்ணீர் குடிக்க வேண்டும், மூலையில் கேன் இருக்கிறது, ஒரே ஒரு டம்ளர், சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நான் குடித்துவிட்டு வைத்தால் அந்தப் பருக்காரப் பையன் குடிப்பான். வேண்டாம். எங்கள் வீட்டில் என் டம்ளர் நெளிந்த டம்ளர், விளிம்பில் ஒரு சொட்டை. பூவாத்தா எனக்கு அதில்தான் தண்ணீர் தருகிறாள். அது எப்போதிருந்து? முன்னாலிருந்தே அதுதானா, இல்லை மருதாணி அரைத்த நாளிலிருந்தா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கல்யாணத்துக்கு வந்த டம்ளர்கள், ஆறு, ஒன்று நெளிந்துவிட்டது, நான்தான் ஒருநாள் கோபத்தில் சுவரில் அடித்தேன், அதனால் அது எனக்கு என்று வைத்தாளோ, அப்படியென்றால் முன்னாலிருந்தே. ஆனால் கழுவிக் கவிழ்க்கும்போது ஐந்து ஒரு பக்கமும் அது மட்டும் ஜன்னல் ஓரத்திலும் இருக்கிறதே. அது எப்போதிருந்து? கேட்டால் சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை. டீக்கடையிலும் ஒரு டம்ளர் இருந்தது, நான் சந்தைக்கு வந்த புதிதில், எனக்கு அப்பன் ஆத்தாள் கிடையாது, சாணி அள்ளிக்கொண்டிருந்தேன், அப்போது விரலெல்லாம் கரைந்துபோன ஒரு மனுஷன் காலையில் டீ குடிக்க வருவார், அவருக்கென்று கூரையில் ஓர் அலுமினிய டம்ளரைச் செருகிவைத்திருப்பார்கள், அவரே எடுத்து அவரே கழுவி அவரே செருக வேண்டும். இரண்டு மணிக்கட்டாலும் அதை இடுக்கி எடுப்பார். ஒருநாள் கை தவறி என் டம்ளரை எடுத்துவிட்டார். நான் என்ன செய்தேன். டீயோடு தட்டிவிட்டேன். சுடுதண்ணி ஊத்திக் கழுவுங்கடா என்று கத்தினேன், பெரிய மனுஷன் மாதிரி, எல்லாரும் சிரித்தார்கள், அன்றைக்குத்தான் சந்தையில் முதல்முதலாக என் பேரைக் கேட்டார்கள். டீ அவர் கையில் கொட்டியது. அவர் முகம் சுளிக்கவில்லை. சுடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சுடவில்லை. இப்போது தெரிகிறது ஏன் சுடவில்லை என்று.

பதினேழு. எழுந்தேன். போகும்போதே திட்டம் போட்டுவிட்டேன், தொட்டுப் பார்ப்பார்கள், கண்ணை மூடச் சொல்வார்கள், உள்ளூர்க் கம்பவுண்டர் ஒருத்தன் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். அரைக்கண் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வளையல் சத்தம் கேட்டால் ம் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷம் எதிராளி மூச்சைக் கேட்டே விலையைக் கண்டுபிடித்தவன், ஒரு டாக்டரம்மாவை ஏய்க்க முடியாதா? டாக்டர் ஹேமலதா, நாற்பது வயசு இருக்கும், கண்ணாடி, களைத்த முகம். "சட்டையைக் கழட்டுங்கய்யா." கையை மட்டும் மடிச்சு விடறனுங் அம்மணி. "கழட்டுங்க." கழற்றினேன், துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டேன். வெளுப்பைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, நல்ல தரகிதான். முழங்கைக்கு உள்பக்கம் விரலை விட்டு எதையோ உருட்டினாள், வலிக்குதா என்றாள், கொஞ்சம் என்றேன். கையுறை போடவில்லை. வெறும் கை. ஏன் போடவில்லை, அப்படியென்றால் அது இல்லை, அது இருந்தால் தொடுவாளா? கண்ணை மூடிக்கங்க, பஞ்சால தொடறேன், தொடும்போது ம் சொல்லுங்க. மூடினேன். கீற்றாக வெளிச்சம் வைத்துக்கொண்டு. வளையல் சிணுங்கியது. ம். சிணுங்கியது. ம். வெண்மையாக ஏதோ அசைந்தது. ம். சிணுங்கியது. ம். "இப்ப நான் தொடவே இல்லீங்களேய்யா." காது வரைக்கும் சூடேறியது. பஞ்சு மேசையில் கிடந்தது, அவள் வெறும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "தொட்டிருப்பீங்க, நீங்களே கவனிச்சிருக்கமாட்டீங்க!" என்று குரலை உயர்த்தினேன். "ஏனுங், இத்தனை பேரைப் பாக்கறீங்க, மறந்திருப்பீங்க!" அவள் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டே ஏமாத்தறீங்க, எனக்கா நட்டம்?" என்றாள். பிறகு என் தோளிலிருந்து துண்டை உருவி என் வலது கையின் மேல் போட்டாள். தன் கையையும் அதற்கு அடியில் விட்டாள். "இப்ப எத்தனை விரலைப் புடிச்சிருக்கேன், சொல்லுங்க."

அவளுக்குத் தெரியாது. அவளுக்கு என்ன தெரியும், என் கண்ணை மறைக்க ஒரு துணி வேண்டியிருந்தது, பக்கத்தில் துண்டு இருந்தது, அவ்வளவுதான். எனக்குத்தான் சந்தை முழுக்க அந்த அறைக்குள் வந்து நின்றது, ஐம்பது பேர், காளையின் மூச்சு, சாணி வாடை, துண்டுக்கு அந்தப் பக்கம் திருமூர்த்தியின் சிரித்த முகம். விரல் பேசியது. ஆள்காட்டி. நடு. மோதிர விரல், அதிலும் பாதி, மங்கலாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூணு. அதே மூணு. அதே இடத்தில், அதே மாதிரி. உடனே என் தரகு மூளை ஓடியது, நில் நாட்ராயா, மூணாகத் தெரிந்தால் நாலாக இருக்கும், நாலு என்று சொல், சொல்லிவிட்டு வெளியே போ, சுண்டுவிரலுக்கு உயிர் இருக்கிறது என்று அவளே எழுதிக்கொடுப்பாள், வெளுப்புக்குக் களிம்பு கொடுப்பாள், அடுத்த செவ்வாய் சந்தைக்குப் போய்விடலாம், நாலு, ஒரு வார்த்தை, இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் வெயிலில் நின்று சூடம் அடித்துச் சொல்லியிருக்கிறாய். வெயிலில் சொல்லியிருக்கிறேன். கரி தேய்த்திருக்கிறேன், மெழுகு வைத்திருக்கிறேன். துண்டுக்கு அடியில் இதுவரைக்கும் பொய் பிடித்ததில்லை. அவனும் பிடித்ததில்லை. இருபது வருஷத்தில் ஒரு நாள், ஒரு பிடி, அவன் பொய்யாகப் பிடித்ததில்லை, அது இந்தக் கைக்குத் தெரியும், தெரிந்திருந்தும் அன்றைக்கு இந்தக் கைதான் எழுந்தது. "சொல்லுங்கய்யா." "மூணுங் அம்மணி." அவள் துண்டை எடுத்தாள். நாலு விரல். அவள் சின்னக் கைக்குள் என் நாலு விரலும், கடைசியில் மருதாணி போட்ட சுண்டுவிரல், நகம் தூக்கிக்கொண்டு, அவள் அழுத்திய அழுத்தத்தில் வெளுத்துப்போய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

தொழுநோய்ங்கய்யா என்றாள். சதையில் துளி எடுத்துப் பார்த்து உறுதி பண்ணிக்கலாம், ஆனா எனக்குச் சந்தேகம் இல்லை, முழங்கை நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கு, மாத்திரை இருக்கு, அரசாங்கமே இலவசமாக் குடுக்குது, விடாமச் சாப்பிட்டாக் குணமாகும், சாப்பிட ஆரம்பிச்சுட்டா யாருக்கும் ஒட்டாது, வீட்டுல எல்லாரும் ஒருதரம் வந்து காட்டிக்கணும், தட்டு டம்ளரெல்லாம் தனியா வைக்க வேண்டியதில்லை. டம்ளர் என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பேரத்தை ஆரம்பித்தேன். இந்த விரல் எப்பச் செத்துச்சுங்? சரியாச் சொல்ல முடியாதுங்கய்யா, ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். ஏழு மாசத்துக்கு முன்னால நல்லாத்தானுங் இருந்துச்சு. இருந்திருக்காதுங்க. ஒரு வருசம் வேண்டாம், ஆறரை மாசத்துக்கு முன்னாலதான் செத்துச்சுன்னு வைங்க, அன்னிக்கு உணர்ச்சி இருந்திருக்கலாமில்லீங், முழுசா வேண்டாம், பாதி, பாதி உணர்ச்சி? இல்லீங்கய்யா, இவ்வளவு தடிக்கணும்னா நாளாகும். கால்வாசிங் அம்மணி! மேசையில் குத்திவிட்டேன். பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. "எல்லாரும் குணமாகுமா, விரல் மடங்கிருமான்னு அழுவாங்க. நீங்க என்னங்க செத்த தேதியைக் கேட்டுப் பேரம் பேசறீங்க? ஏழு மாசத்துக்கு முன்னால என்ன நடந்துச்சு?" அந்தக் கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தேன், துடைத்தபோது மூன்று விரலுக்குத்தான் ஈரம் தெரிந்தது. ஒருத்தனை அடிச்சுப்போட்டனுங், என்றேன்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் சத்தம், பழவண்டிக்காரன் சத்தம், ஸ்டெல்லா உள்ளே இருபது இருபது என்று கத்துகிறாள். இனி எனக்குச் சந்தை இல்லை, மாத்திரை தின்று உடம்பு தேறினாலும் மூணுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் துண்டுக்கு அடியில் கையை விட்டு என்ன செய்வான். உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாள், அதில் பேரத்துக்கே இடம் வைக்கவில்லை. என்ன வேலை தெரியும் எனக்கு. யார் டீ தருவார்கள். பூவாத்தாளிடம் எந்த வாயால் சொல்வது, அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாளே. போன் கையில் இருக்கிறது. திருமூர்த்தி நம்பரை அழித்துவிட்டேன், அழித்தால் என்ன, விரலுக்குத் தெரியும், மற்ற விரல்களுக்கு. நம்பரை அமுக்கினேன், ரிங் போனது. எடுக்கமாட்டான். என் பேர் தெரியும் அவன் போனில், இல்லை, அவனும் அழித்திருப்பான். எடுத்தான். பின்னால் கழுத்து மணிகள், மாடு கத்துகிற சத்தம், யாரோ ஒருத்தன் இந்தச் சாட்டை என்ன வெலைங் என்று கேட்கிறான். செவ்வாய்ச் சந்தை. மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் போன் போட்டேன், முப்பத்தைந்து வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, வாய்க்கு அது வரவில்லை. தொண்டைக்குள் ஒரே ஒரு வார்த்தைதான் நின்றுகொண்டிருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னவனை அப்புறம் மனுஷனாக மதிக்கமாட்டார்கள், தெருவில் போகிற இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"நாலுடா."

அந்தப் பக்கம் மணிச் சத்தம் நின்றது. கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்திருக்கிறான். சாட்டை கேட்டவன் மறுபடி விலை கேட்கிறான். போனை வைத்துவிடுவான், இதோ வைத்துவிடுவான் என்று காதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சுண்டுவிரலாடா?" என்றான்.